நாற்பத்து நாலு வயதுப் பெண் யார்?

அடுத்தவர் காகிதத்தை நகல் எடுத்துக் கொடுக்கிற தொழிலில் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கண்ணையும் மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும். எழுதத் தொடங்கும்போதே எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஒரு வார்த்தை முன்னே பின்னே விழுந்து, "எங்க ஆளைத்தான் சொல்றா" என்று யாராவது கிளம்பி வந்துவிட்டால் என்ன செய்வேன்? அதனால் வேட்பாளர் பெயரைச் சொல்ல மாட்டேன். சின்னத்தையும் சொல்ல மாட்டேன். போனில் இருந்த வரிசைப்படி ஒன்றாம் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள், நாலாம் ஆள். அவ்வளவுதான். கடை வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் "முடியாது" என்று சொல்ல வாய் வராமல் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என் நிலைமை புரியும்.

ஆமாம், இல்லை, தெரியாது

மலைமேல் அரியூர் நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் பக்கம் நாடு என்போம்) பஸ் திரும்பும் இடத்தில் என் ஜெராக்ஸ் கடை. டவர் கிடைப்பது அங்கேதான். தேர்தலுக்கு முந்தின மாதம் எல்லார் போனிலும் ஒன்று வந்தது. இருபது கேள்வி. ஆமாம், இல்லை, தெரியாது என்று மூன்று பொத்தான். ஆணா பெண்ணா, வயது என்ன என்று முதலில் போட வேண்டும். கடைசியில் உன் மனதுக்கு ஒத்து வருகிற வேட்பாளர் இவர்தான் என்று, நாம் போட்ட வயதுக்குக் கீழே படத்தோடு காட்டும், நூற்றுக்கு எத்தனை பொருத்தம் என்றும் சொல்லும். பெயர் கேட்காது. அந்த ஒரு தைரியத்தில்தான் நான் தொட்டேன்.

படிக்கத் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் வாசிப்பேன், அவர்கள் சொல்வதை அழுத்துவேன். முடிவைத் தாளில் கேட்பார்கள் என்று ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து வைத்தேன். யோசித்துச் செய்ததில்லை. விண்ணப்பங்களுக்குச் செய்து செய்து பழகின கை.

மிளகு பறிக்கிற சடையன் முதல் ஆளாக வந்தார். கேள்வியை வாசித்தால் போனைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். என் புருவம் ஏறினால் ஆமாம், இறங்கினால் இல்லை. பயந்துபோய்ச் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தேன். அவர் சொன்னார்: "நீ எதை வேணாலும் அழுத்து கண்ணு, ரேஷன் கார்டுல என்ற பேரு மட்டும் போயிராமப் பாத்துக்க."

மை எங்கே?

இரண்டு நாள் கழித்து ஒருவர் வாக்காளர் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இருபது கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். முடிந்ததும் இடது கை விரலை என் முன்னால் நீட்டினார். எதற்கு என்று எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, ஓட்டு மை வைக்கச் சொல்கிறார். ஓட்டு முடிந்துவிட்டது என்று இந்த மனிதர் ஊரெல்லாம் சொல்லி, அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினால்?

"இது ஓட்டு இல்லீங்க, சும்மா ஒரு கேள்வித்தாள்" என்று பஸ் படி வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மறுக்காப் போயி இன்னொண்ணு குத்துனா என்னையப் புடிச்சுட்டுப் போக மாட்டாங்களா, அக்கா?" என்றார்.

ஊருக்கு ஒன்று

மலையில் பல ஊர்களில் எந்தக் காரியமும் கூட்டம் போட்டு, ஒரே பேச்சாக முடிவு செய்வதுதான் வழக்கம். அப்படி ஒரு ஊரிலிருந்து பதினோரு பேர் தலைவரோடு வந்து கடைக்கு முன்னால் நின்றார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை போட வேண்டுமாம். வயது என்ன போடுவது என்றேன். கூடிப் பேசி, "ஐம்பது போடு" என்றார்கள்.

ஏழு கேள்வி ஒழுங்காகப் போனது. நகரத்தில் மேம்பாலம் வேண்டுமா என்ற கேள்விக்குக்கூட, "பாவம், கட்டிக்கட்டும்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். எட்டாவது, சாராயக் கடையை மூடலாமா என்பது. பதினோரு பேரும் பதினோரு பக்கம் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற அவர்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கமிருந்து, "மூடச் சொல்லு, மூடச் சொல்லு" என்று கத்தினார்கள். சத்தம் வளர்ந்தது. துண்டை உதறிக்கொண்டு இரண்டு பேர் நேருக்கு நேர் வந்தே விட்டார்கள். என் கடையில் அடிதடி என்றால் என் பெயர்தானே முதலில் வரும்? அவசர அவசரமாக "தெரியாது" என்பதை அழுத்திவிட்டேன்.

கடைசியில் வந்தது நாலாம் ஆள். அவரை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. தலைவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதை மறைச்சு வையி சாமி, எங்க ஊரு ரெண்டாப் போனது வெளிய தெரியக் கூடாது."

பழனியம்மா

என் கடை இருக்கும் கட்டிடம் தங்கராசு என்பவருடையது. அவர் ஒன்றாம் ஆள் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர். வீட்டு வாசலில் கொடி, வண்டியில் கொடி. கோபம் வந்தால் கையும் நீளும் என்று ஊருக்கே தெரியும். ஒரு நாள் அவர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் மனைவி பழனியம்மா ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தாள். எடுத்து முடித்தும் போகவில்லை. "அந்தக் கேள்வி எனக்கும் கேளுங்கக்கா" என்றாள்.

பெண், வயது நாற்பத்து நாலு. அவள் ஒவ்வொரு பதிலுக்கும் கண்ணை மூடி யோசித்தாள். ஆஸ்பத்திரிக் கேள்வியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். வந்தது மூன்றாம் ஆள், நூற்றுக்கு எழுபத்தாறு. தங்கராசுக்கு ஜென்மத்துக்கும் ஆகாதவர். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவளோ பயப்படவில்லை, சிரித்தாள்: "இருவத்தி ரெண்டு வருசமா அவரு காட்டுற எடத்துல குத்தீட்டு இருக்கறேன், உனக்கு என்ன வேணும்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்லீங்கக்கா."

மத்தியான பஸ்

அந்த வாரமே தங்கராசு கடை வாசலில் வந்து நின்றார். "அம்மணி, கேள்வி போட்டவங்க படமெல்லாம் உங்க போன்ல இருக்குதாமே? அத்தனையும் பிரிண்டு போட்டு வையுங்க. நாளைக்கு மத்தியான பஸ்ஸுல வாரேன்" என்றார்.

"பேரு எதுவும் இருக்காதுங்களே" என்றேன்.

"பேரு எதுக்கு? வயசு இருக்குது, ஆம்பளை பொம்பளை இருக்குது. வாக்காளர் லிஸ்ட்டு என்ற கையில இருக்குது. யாரு எந்தப் பக்கம்னு ஒரே நாள்ல புடிச்சுப் போடுவேன்." போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு அழிஞ்சிருந்தாலும், கட்டிடத்தைக் காலி பண்ணிக்கலாமுங்க."

அறுபது தாள்

மொத்தம் இருபத்தாறு படம் இருந்தது. பழனியம்மாவுடையதை மட்டும் எடுத்துவிடலாம் என்றால், அவள் வந்து உட்கார்ந்ததை அவரே டீக்கடையிலிருந்து பார்த்திருக்கிறார். நாற்பத்து நாலு வயதுப் பெண் யாருமே இல்லையென்றால் அதுவே சாட்சியாகிவிடும். மாற்றி ஒன்றாம் ஆளைப் போட்டால் அவள் தப்பிப்பாள்; சடையனும் மற்றவர்களும் மாட்டுவார்கள்.

மறுநாள் காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பெண், நாற்பத்து நாலு என்று போட்டு, மனம்போனபடி அழுத்தினேன். இரண்டாம் ஆள் வந்தார். மறுபடி அதே வயது. நாலாம் ஆள். மறுபடி. ஒன்றாம் ஆள். ஏழெட்டுத் தாளுக்குள் எந்தப் பதிலுக்கு யார் வருவார் என்பதே பிடிபட்டுவிட்டது. பிறகு சடையன் வயதில் நாலு. அந்த ஊர்க்காரர்கள் சொன்ன ஐம்பதில் ஐந்து. எல்லா வயதிலும் ஆண், பெண். நடுவில் டவர் போனபோது அழுகை வந்தது. மிஷின் இழுக்க இழுக்க, பஸ் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அறுபதாவது பொய்த்தாள் வெளியே வரும்போது கீழ் வளைவில் ஹாரன் கேட்டது. உண்மையான இருபத்தாறையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அடுக்கினேன்.

பஸ்ஸிலிருந்து தங்கராசு இறங்கினார். பின்னாலேயே பையோடு பழனியம்மாவும் இறங்கினாள்.

அவர் மேசையில் தாளைப் பரப்பினார். "பொம்பளை, நாப்பத்தி நாலு, மூணாம் ஆளு" என்று சத்தமாக வாசித்தார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "உனக்கும் நாப்பத்தி நாலுதானே?"

பழனியம்மா பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டுமா நாப்பத்தி நாலு?" என்றாள். அடுத்த தாள்: பெண், நாற்பத்து நாலு, ஒன்றாம் ஆள். அதற்கடுத்து நாலாம் ஆள். இப்படி ஒன்பது தாள் வந்தது. அவர் நெற்றி சுருங்கியது. வேகமாகப் புரட்டினார். ஓரிடத்தில் கை நின்றது. ஆண், ஐம்பத்து மூன்று, மூன்றாம் ஆள், நூற்றுக்குத் தொண்ணூறு.

ஐம்பத்து மூன்று அவருடைய வயது. சத்தியமாக அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. எல்லா வயதையும் போட்டபோது அதுவும் விழுந்திருக்கிறது. அடித்துவிடுவார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் எதிர் டீக்கடையைப் பார்த்தார். அங்கே அவர் கட்சி ஆட்களே நாலு பேர் உட்கார்ந்து, இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் திணித்தார். மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். குரல் இறங்கியிருந்தது: "இதையெல்லாம் அடுப்புல போட்டுருங்க அம்மணி, வயசை வச்சு ஆளைச் சொல்றது ரொம்பத் தப்புங்க."

அன்று சாயங்காலமே அத்தனையையும் எரித்தேன், போனிலிருந்ததையும் அழித்தேன்; ஒரே காலையில் ஊரிலுள்ள எல்லா வயதுக்கும் பதில் சொன்ன நான், என் வயதைப் போட்டு அந்த இருபது கேள்வியை என்னிடம் மட்டும், பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று, இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.