செஞ்சாவின் பல்பும் மேட்டுப் பரீட்சையும்

சூரியன் தினமும் எங்கள் குவாத்தெபெக் மலைக்கு வந்து, "இப்போ உதிக்கலாமா?" என்று தோன்யா செஞ்சாவிடம் கேட்டுவிட்டுத்தான் உதிக்கிறது. அவள் டைமிங் வைத்த என்ஜினைக் கேட்டால் மாதா கோயில் மணிகூடக் கூச்சப்பட்டு ஐந்து நிமிடம் தள்ளி அடிக்கும். நான் கூட்டிச் சொன்னது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

செஞ்சாவுக்குக் காது கேட்காது. இருபத்திரண்டு வருடத் தறிச் சத்தம் தின்றுவிட்டது. சேர்த்த காசில் பழைய வோச்சோ ஒன்று வாங்கினாள். வண்டு மாதிரி முதுகு, பின்னால் என்ஜின், எங்கள் மேட்டுக்கென்றே பிறந்த கார். டாக்ஸி ஸ்டாண்டில் இடம் கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி தறி.

ஸ்டாண்டுத் தலைவர் தோன் அபுந்தியோ சிரித்தார். "டைமிங்க காதால வைக்கணும் அம்மணி. காது கேக்காதவ மரியாச்சிப் பாட்டுக் கோஷ்டியில சேந்த கதையால்ல இருக்கு!"

உதட்டைப் பார்த்தே படித்துவிட்டாள். "எனக்குப் பல்பு இருக்கு!"

ஒயர் கோத்த குட்டிப் பல்பு. என்ஜின் புல்லியை அதன் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவாள். பல்பு எரிகிற நொடியில்தான் பொறி விழும். அங்கே நட்டை முடுக்கிவிடுவாள்.

"சரி, சனிக்கிழமை மூணு பேர ஏத்திக்கிட்டு ஒரே மூச்சுல மேடு ஏறு. பாப்போம்" என்றார் அபுந்தியோ.

அந்த மரியாச்சிப் பேச்சு எனக்கு ஆறவில்லை. சனிக்கிழமை விடியல் இருட்டில் மிளகாய் டின் ஒன்றில் நாலு நட்டைப் போட்டு, அபுந்தியோ வண்டியின் பின் பம்பருக்கு அடியில் கட்டினேன். மேடு ஏறினால் கலகலக்கும். பொறி முந்தி விழுந்து என்ஜின் தட்டுகிற அதே சத்தம். காதுப் புலவரைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

செஞ்சா முந்தின நாளே ஆசையாகத் தன் வண்டிக்கு ஸ்டாண்டு நிறத்தையே அடித்து, அவருடைய வோச்சோவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பரீட்சைக்கு எடை போதவில்லை என்று என்னையும் பின் சீட்டில் திணித்தார்கள். அபுந்தியோ, டிரைவர் நிக்கனோர், நான். பாதி மேட்டில் எங்கள் முதுகுக்குப் பின்னால் கலகலவென்றது. நான் கண்ணாடியில் செஞ்சாவின் முகத்தைப் பார்த்தேன்.

அபுந்தியோ அவள் தோளைத் தட்டி நிறுத்தினார். "டைமிங் முந்திருச்சு! பின்னால திருப்பு!"

திருப்பினாள். என்ஜினை முறுக்கினால் இன்னும் கலகல.

"இன்னும் திருப்பு!"

மூன்றாவது தடவை திருப்பியதும் வண்டி ஒரு முழம்கூட ஏறவில்லை. நிக்கனோர் சொன்னான்: "அண்ணே, உங்க காதுக்கு இது நல்லாருக்கு. வண்டிக்குத்தான் பிடிக்கல."

செஞ்சா இறங்கினாள். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு, பல்பு எரிந்த இடத்திலேயே டைமிங்கைத் திரும்ப வைத்தாள். வண்டியைக் கிளப்பிவிட்டு என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள். கை மெல்ல பம்பருக்குப் போனது. அடியில் நுழைந்தது. டின்னோடு வெளியே வந்தது.

அபுந்தியோ டின்னைக் குலுக்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "ஏறு அம்மணி" என்றார்.

ஒரே மூச்சு. உச்சியில் வண்டி நின்றபோதுதான் நானும் மூச்சு விட்டேன். "வரிசையில பதினொண்ணாவது நம்பர் உனக்கு" என்றார் அபுந்தியோ. செஞ்சா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இனித் தறி இல்லை. என் கண்ணில் தூசி, வேறொன்றுமில்லை.

ஸ்டாண்டில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, செஞ்சா என்னை இழுத்து என் காதோடு குனிந்தாள். ரகசியம் பேசுவதாகத்தான் அவள் நினைப்பு.

"டேய் தெயோ! சத்தம் வந்தப்போ அவங்க ரெண்டு பேரும் என்ஜின் பக்கம் திரும்பினாங்க. நீ மட்டும் கண்ணாடியில என் மூஞ்சியவே பாத்து அழப்போனே. அந்த டின்ன அபுந்தியோ வண்டிக்குன்னுதானே கட்டினே?"

மலையடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும்.