யார் புத்திக்கும் எட்டாத இடம்

யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பாடாங் மேஹா பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், என்னிடம் மட்டும்தான் ஒரு முழு வாசனைச் சவர்க்காரம் இருந்தது. மற்றவர்கள் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதை யார் புத்திக்கும் எட்டாத இடத்தில் ஒளித்து வைத்தேன். பத்தே நாளில் அந்த இடம் என் புத்திக்கும் எட்டாமல் போயிற்று.

மறந்துவிட்டேன் என்று நான் ஒப்புக்கொள்வேனா? லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"என் சவுக்காரத்த எடுத்தியாக்கா?"

"எடுக்கல."

அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அவள் காயப்போட்ட புடவையை மோந்து பார்த்தேன். அடுப்புப் புகைதான் நாறியது. வாசத்தைக்கூட மறைத்துவிட்டாளே, எவ்வளவு பெரிய கள்ளி என்று முடிவுகட்டி, நான்கு மாதம் அவளோடு பேசவில்லை.

ஒரு மழைநாளில் கூரை ஒழுகியது. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற வேலை நின்றுபோனதால் உத்திரத்தில் சும்மா தொங்கிய பால் வாளியை இறக்கினேன். உள்ளே என் சவர்க்காரம் கல்லாகக் காய்ந்து கிடந்தது.

பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாளியிலதான் இருந்திச்சிக்கா."

"தெரியும். நீ ஏணி போட்டு ஏறி வச்சப்பவே பாத்தேன்."

எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரைவரை எட்டாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் சவர்க்காரத்தை நிதானமாக மோந்து பார்த்தாள்.

"எடுத்தியான்னுதான கேட்ட? எங்க இருக்குன்னு கேட்டியா?"