டிரைவருக்கு ஓனர் கொடுத்த கடிதம்

ஆரியசாலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். மகள் தன் புது வீட்டுக்குப் பொருந்தாது என்று திருப்பித் தந்த பீரோவை நாகர்கோவிலுக்கு அனுப்ப வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் செல்லையா நிற்கிறார். சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர். காலையில் வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டார். திரும்பிப் போக லோடு கிடைக்காவிட்டால் நாகர்கோவில் வரை வெறும் வண்டிதான்.

"ஓனரோட லெட்டர் இல்லாம டிரைவர் கையில லோடு கொடுக்க முடியாது, கேட்டோ அண்ணாச்சி" என்கிறார் மலையாளம் கலந்த தமிழில் கிளார்க்.

"நான்தானவே ஓனரு! ஆர்.சி. புக்குல பேரைப் பாரும்."

"பாத்தாச்சு. பேரு செரிதான். ஆனா ஃபைல்ல லெட்டர் வேணுமில்லியா?"

முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். விதியோடு வாதாடுவது புதியவர்கள் செய்யும் தவறு. அது கேட்டதைக் கொடுத்துவிட்டால் பேசாமல் படுத்துக்கொள்ளும். ஒரு தாள் வாங்கி எழுதுகிறேன்: 'இதைக் கொண்டுவரும் டிரைவர் செல்லையாவை நான் நேரில் அறிவேன். சரக்கை இவரிடம் ஒப்படைக்கலாம்.'

செல்லையா படித்துப் பார்க்கிறார். "சார், ஆளு குடிக்கமாட்டான்னு ஒரு வரி சேத்திருங்க."

சேர்க்கிறேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓனராகக் கையெழுத்துப் போடுகிறார். பிறகு எழுந்து நின்று, டிரைவராக அதைக் கிளார்க்கிடம் நீட்டுகிறார். கிளார்க் இரண்டு முறை படித்துக் கோப்பில் வைத்துவிட்டு, லோடு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்.

என் பீரோவையும் அந்த வண்டியிலேயே ஏற்றச் சொல்கிறேன். குடிக்காத டிரைவர் என்று எழுத்து மூலமாகவே இருக்கிறதே.