கப்பல் இல்லாத கரைச் சுற்றுலா: வட்டகொடையிலிருந்து நுவரெலியா வரை

போன ஆகஸ்ட் விடுமுறையில், ஒரு புதன்கிழமை, நாங்கள் ஐந்து பேர் கரைச் சுற்றுலா போனோம். வட்டகொடையில் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. சுற்றிலும் தேயிலைதான். ஆனாலும் அதற்குக் கரைச் சுற்றுலா என்றுதான் பெயர், ஏனென்றால் அதை நடத்தியவர் ரவி மாமா.

ரவி மாமா என் அம்மாவின் தம்பி. மத்தியதரைக் கடலில் ஓடும் ஒரு சொகுசுக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் சட்டையில் நம்பர் ஒட்டிக்கொண்டு, வழிகாட்டியின் பின்னால் ஊர் பார்க்கப் போவார்கள். எரிமலை ஏறுவார்கள், திராட்சைத் தோட்டத்தில் நடப்பார்கள், படகில் குகைக்குள் போவார்கள். இதற்குத்தான் கரைச் சுற்றுலா என்று பெயர். மாலையில் திரும்பி வந்ததும் கப்பல் கிளம்பிவிடும். அவர்கள் போயிருக்கும் நேரத்தில்தான் மாமாவுக்கு வேலை அதிகம். அதனால் அவர் எந்த ஊரையும் சரியாகப் பார்த்ததில்லை. ஊர்களை அவர் பயணிகளின் சப்பாத்துகளை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். கறுப்புத் தூள் ஒட்டியிருந்தால் நேப்பிள்ஸ், கழுதைச் சாணம் என்றால் சந்தோரினி. நான் அட்லஸை விரித்து அந்த ஊர்களைத் தேடித் தேடிப் பென்சிலால் வட்டம் போட்டேன்.

சுற்றுலாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாமாவின் மகள் தர்ஷினிக்கு நாலு வயது. அப்பா எங்கே என்று கேட்டால் அவள் அம்மாவின், அதாவது என் அத்தையின், போனைக் காட்டுவாள். போனுக்குள் தெரியும் அப்பாவுக்கு முத்தம் கொடுப்பாள். நேரில் வந்து நிற்கும் மாமா அவளுக்கு 'இவரு'தான். 'இவரு எப்பப் போவாரு?' என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். மாமா ஊருக்கு வந்திருந்த லீவு முடிய இரண்டு வாரம்கூட இல்லை.

"போறதுக்குள்ள ஒரு தடவ அப்பான்னு கூப்பிட்டுட்டா போதும்க்கா" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். கப்பலில் முகம் சுளிக்கும் பயணியையும் சிரிக்க வைத்துவிடுவாராம். அதே மாதிரி மகளையும் ஒரு சுற்றுலாவில் மடக்கிவிடலாம் என்பது அவர் திட்டம்.

காலை 6.45-க்கு வட்டகொடைக் கடை முன்னால் கூடினோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. மாமா வட்டமாக வெட்டிய ஸ்டிக்கர்களை எங்கள் ஸ்வெட்டரில் ஒட்டினார். அம்மா ஒன்று, அத்தை இரண்டு, நான் மூன்று, தர்ஷினி நாலு.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்..." என்று ஆரம்பித்தார்.

"ஜென்டில்மென் எங்கடா இருக்கான்? நாலும் பொம்பளைங்க" என்றார் அம்மா.

"குறுக்க பேசாதக்கா. நம்பர் முக்கியம். சாயந்தரம் நம்பரத்தான் எண்ணுவாங்க. எல்லா நம்பரும் வந்துருச்சுன்னா கப்பல் கிளம்பிரும். யாருக்காகவும் காத்திருக்காது."

தர்ஷினி தன் நாலைத் தடவிப் பார்த்தாள். பிறகு மாமாவின் சட்டையைப் பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டாள்: "இவருக்கு நம்பர் இல்லயா?"

"வேலை பாக்குறவங்களுக்கு நம்பர் கிடையாதும்மா" என்றார் மாமா. அவள் அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஏறும்போது இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொரு வளைவிலும் கிரேட் வெஸ்டர்ன் மலை ஒளிந்து ஒளிந்து வரும். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அறிவித்தார்: "இடது பக்கம் தேயிலை மலை."

"வலது பக்கமும் அதான்டா" என்றார் அம்மா. பஸ்ஸே சிரித்தது.

தேயிலைக்குள் நடப்பதற்கு வெளிநாட்டுக்காரர்கள் டொலரில் பணம் கட்டுவார்கள் என்று மாமா சொன்னார். தினமும் கொழுந்து பறிக்கும் அம்மா அதை நம்பவே இல்லை. "நடக்கவா காசு குடுக்கறாங்க? அப்ப என் கூடையையும் தூக்கச் சொல்லு, நான் மிச்சக் காசு தர்றேன்."

ஒன்பதரைக்குக் கிரகரி வாவிக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போக உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவு, ஆளுக்கு நூறு ரூபாய்தான். சந்தோரினிக் கழுதைக்குப் பதிலாக இங்கே மட்டக்குதிரை. கரையோரமாக ஒரு சுற்றுக்கு ஐந்நூறு ரூபாய். முதலில் எண்ணூறு கேட்பார்கள், பேசுங்கள். தர்ஷினியைத் தூக்கிக் குதிரையில் உட்கார வைக்க மாமா கையை நீட்டினார். அவள் குதிரைக்காரரிடம் போனாள். முன்பின் தெரியாத குதிரைக்காரரிடம்! மாமா நீட்டிய கையைக் குதிரையின் கழுத்தில் வைத்துத் தடவிக்கொண்டார். அத்தையும் அதைப் பார்த்தார்.

அடுத்து அன்னப் படகு, அரை மணி நேரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மிதிப்பது மாமாவும் நானும். அத்தையும் தர்ஷினியும் பின்னால். அம்மா தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நின்று, 'திரும்பி வாங்கடா' என்று கத்திக்கொண்டிருந்தார். வாவியின் நடுவில் காற்று நின்றுவிட்டது. மலைகள் தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தன. நான் மிதிப்பதையே மறந்துவிட்டதால் படகு ஒரே பக்கமாகச் சுற்றியது.

"இவரு நல்லா மிதிக்கிறாரு" என்றாள் தர்ஷினி. "அக்காதான் மிதிக்கல."

"பாத்தீங்களா, சர்டிபிகேட் குடுத்துட்டா" என்று அத்தை சிரித்தார். மாமா இன்னும் வேகமாக மிதித்தார். அதுவரை அவருக்குக் கிடைத்தது அதுதான்.

கரைக்கு வந்ததும் ஒரு விபரீதம். கப்பலில் வெயிலில் போய்த் திரும்பும் பயணிகளுக்குக் குளிர்ந்த ஈரத் துண்டு கொடுப்பார்களாம். மாமா போத்தல் தண்ணீரில் நனைத்துப் பைக்குள் வைத்திருந்த துண்டுகளை நீட்டினார். நாங்கள் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

"இந்தக் குளிர்ல ஈரத் துண்டா? நீங்க எங்களக் கூட்டிட்டு வந்தீங்களா, கொல்ல வந்தீங்களா?" என்றார் அத்தை.

நுவரெலியாவில் மத்தியதரைக் கடல் முறை செல்லாது. பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோங்கள். நாங்கள் புல்லில் உட்கார்ந்து ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் சாப்பிட்டோம். சம்பலின் உறைப்பில்தான் கொஞ்சம் சூடு ஏறியது.

இரண்டு மணிக்கு மூடுபனியும் தூறலும் ஒன்றாக இறங்கின. திரும்பும் பயணம் ரயிலில். நானுஓயா ஸ்டேஷன் எட்டு கிலோமீட்டர்தான். மழைக்காக முச்சக்கர வண்டியில் நெருங்கி உட்கார்ந்து போனோம், ஆயிரத்து இருநூறு ரூபாய். பஸ்ஸில் போனால் ரொம்பக் குறைவு. பதுளையிலிருந்து இறங்கி வரும் சாதாரண ரயில் அரை மணி நேரம் தாமதமாக வந்தது. கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தது. மாமா எங்களை உட்கார வைத்து, "ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு. எல்லாரும் வந்தாச்சு" என்று எண்ணி முடித்தார். பிறகு கீழே இறங்கிவிட்டார்.

அது அவருடைய தொழில் பழக்கம். அறையை விட்டுப் பயணிகள் போனதும் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று கடைசியாக ஒரு பார்வை பார்க்காமல் அவரால் நகர முடியாது. நாங்கள் உட்கார்ந்திருந்த பிளாட்பாரப் பெஞ்சில் எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்கப் போனார். தர்ஷினியின் தொப்பி அங்கேதான் கிடந்திருக்கிறது.

விசில் ஊதியது. எங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்ற கார்ட் பச்சைக் கொடியை விரித்தார். தர்ஷினி ஜன்னலில் ஏறி நின்று எங்கள் நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் கோணியது.

"அப்பா! அப்பா ஏறல! அப்பாவுக்கு நம்பர் இல்ல! விட்டுட்டுப் போயிரும்!"

அப்படி ஒரு சத்தத்தை அந்தச் சின்ன உடம்பிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. கார்ட் திரும்பிப் பார்த்து, என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அவளுடைய அப்பா இன்னும் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கொடியை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தூரத்தில் மாமா தொப்பியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"காத்திருக்காதுன்னு சொன்னவரு யாருங்க?" என்று அத்தை அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். மாமாவுக்கு மூச்சு வாங்கியதா, அழுதாரா தெரியவில்லை. தர்ஷினி தன் ஸ்வெட்டரிலிருந்த நாலைப் பிய்த்து அவர் நெஞ்சில் ஒட்டினாள். பனியில் ஈரமாகியிருந்ததால் அது ஒட்டவில்லை. அது விழாமல் வட்டகொடை வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாமா இப்போது கப்பலில். அந்த ஸ்டிக்கர் அவர் போன் உறைக்குள் இருக்கிறது. போனில் பேசும்போதெல்லாம் தர்ஷினி முதலில் அதைக் காட்டச் சொல்கிறாள்.

நீங்களும் போவதாக இருந்தால்: ரயில் நேரத்தை முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் எடுங்கள். வாவியில் படகுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குப் பிறகு பனியை நம்ப முடியாது. ஸ்டிக்கர் ஒட்டுவது பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஐந்து பேர் போனால் ஐந்து எழுதுங்கள்.

நடத்துகிறவருக்கும் ஒன்று வேண்டும்.