மலையோடு போட்ட சண்டை

ஓடையில் விழுந்து பிழைத்த பிறகு என் மகள் மூன்று வாரம் பேசவில்லை. எனக்கு வயதான பிறகு பிறந்த ஒரே பெண்; அப்போது ஆறு வயது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். பத்தடி தூரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் பார்க்கவில்லை.

ஒடுகத்தூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லாத்தான் இருக்குங்க. பயந்திருக்கு. தானா பேசும்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். பகலெல்லாம் நாற்பது பிள்ளைகளைப் பேசாதே என்று அதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு பிள்ளையைப் பேசு பேசு என்று கெஞ்சினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மூன்றாம் வகுப்பு. அவள் கெஞ்சவில்லை. தினமும் பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே வந்து, "டீச்சர், பாப்பாவக் கூட்டினு போறேன்" என்று இழுத்துக்கொண்டு போவாள். ஓடைப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் வாங்குவேன். வாங்கிவிட்டுப் பின்னாலேயே நானும் போவேன்.

குழாயடி வரை பின்பக்கமாக நடப்பார்கள். வழியில் பார்க்கும் கோழிக்கெல்லாம் வணக்கம் சொல்ல வேண்டும். கோழி திரும்பிப் பார்க்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். மூக்கு நுனியில் புளியங்கொட்டையை நிறுத்திக்கொண்டு சிரிக்காமல் இருக்க வேண்டும். மகள் எல்லாம் செய்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. கோழிக்குக்கூடக் கையைத்தான் கூப்பினாள்.

கடைசி விளையாட்டு மலையோடு சண்டை. புளியந்தோப்பைத் தாண்டினால் எதிரே ஒரு பாறைச் சரிவு. நாம் கத்துவதை அப்படியே திருப்பிக் கத்தும். கடைசியாகப் பேசுபவர் ஜெயித்தவர்.

"இன்னா?" என்று கத்துவாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"இன்னா?" என்னும் மலை.

"நீ இன்னா?"

"நீ இன்னா?"

"பாத்தியா பாப்பா, எவ்ளோ கொழுப்பு அதுக்கு. ஒரு நாளாச்சும் அடங்குதா?"

ஒரு வாரம் மலையே ஜெயித்தது. அடுத்த நாள் மலை "இன்னா?" என்றதும் என் மகள் முகத்தைச் சுளித்தாள். 'இன்னா' என்று சொல்லும் பிள்ளைகளை 'என்ன' என்று திருத்துவது என் வகுப்பில் வழக்கம். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவள் அவள். விடுவிடுவென்று முன்னே போய், இடுப்பில் கை வைத்து, அசல் என்னைப் போலவே கத்தினாள்.

"இன்னா இல்ல. என்ன."

"என்ன" என்றது மலை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எத்தினி நாளா கத்றேன். டீச்சர் வூட்டுப் பொண்ணுன்னதும் எப்டி ஒழுங்கா பேசுது பாரு."

"அதுக்கு யாரும் சொல்லித் தரல" என்றாள் என் மகள், நேற்றும் பேசியவள் போல.

நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. மலைக்கு 'அ, ஆ' தொடங்கி, இரண்டாம் வாய்ப்பாடு வரை பாடம் நடந்தது.

மாலைக்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கவலைப்பட எனக்குச் சொல்லியா தர வேண்டும்? உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கச் செய்தேன். இனிமேல் கத்தாதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"நாளைக்கு மலைக்குப் பரீட்சை" என்றாள், கரகரவென்று.