நம் மாவட்டம் இல்லை

நெகிரி செம்பிலான் என்றால் ஒன்பது நாடுகள் என்று அர்த்தம். மாவட்டங்களை எண்ணினால் ஏழுதான் வருகின்றன. பெயரிலேயே கணக்கு உதைக்கிற இந்த மாநிலத்தில், ஒரு மாவட்ட அலுவலகத்தின் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், எல்லாரும் கட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். இப்போது அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போனாலே எனக்குக் குமட்டுகிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே வாயில் எச்சில் ஊறி ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

முதலில் இந்த ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் அண்ணன் பட்ட பாடு விளங்காது. நாடு கூட்டரசு. அதற்குள் மாநிலம், மாநிலத்துக்குள் மாவட்டம், மாவட்டத்துக்குள் முக்கிம், முக்கிமுக்குள் கம்பங்கள் என்கிற கிராமங்கள். மாவட்டத்தை மலாயில் டாயிரா என்பார்கள். நிலமும் ஆறும் மாநில அரசாங்கத்தின் கையில். பிறப்புப் பதிவு, குடியுரிமை, போலீஸ் எல்லாம் கூட்டரசின் கையில். அதாவது ஒரு பிள்ளை பிறந்து விழுகிற மண் ஒரு அரசாங்கத்துக்கு, விழுந்த பிள்ளை இன்னொரு அரசாங்கத்துக்கு. பயிற்சிக்குப் போனபோது இதையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினார்கள். நானும் பயபக்தியோடு நோட்டில் வரைந்துகொண்டேன். அந்தக் கட்டங்களில் தோட்டம் என்று ஒன்று எங்கேயும் இல்லை என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. இத்தனைக்கும் நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்.

எங்கள் ரப்பர் தோட்டம் சிரம்பானுக்கும் பகாவுக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்தது. குறுக்கே ஓர் ஆறு. ஆறு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், மழை இல்லாத நாளில் கைலியை முழங்காலுக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு தாண்டிவிடலாம். இந்தக் கரையில் முதல் டிவிசன், அந்தக் கரையில் இரண்டாம் டிவிசன். இரண்டுக்கும் ஒரே துரை, ஒரே ஆபீஸ், ஒரே மாரியம்மன் கோயில். சனங்களுக்குத் தெரிந்த எல்லை அவ்வளவுதான். அந்த ஆறுதான் இரண்டு மாவட்டங்களைப் பிரிக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அண்ணன் இரண்டாம் டிவிசன் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். பிறகு அப்பாவை இந்தக் கரைக்கு மாற்றினார்கள், நான் முதல் டிவிசனில் பிறந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் போலீஸ் நிலையத்தில்தான் பிறப்பைப் பதிவார்கள். அண்ணன் பிறந்ததைச் சொல்ல அப்பா தனியாகப் போனார். எழுதிக்கொண்டிருந்தவர், டாயிரா எது என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு டாயிராவும் தெரியாது, முக்கிமும் தெரியாது. விடியற்காலையில் பேர் வாசிக்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணி எந்த டிவிசன் என்று கேட்பார், இவரும் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "டிவிசன் டுவா" என்று கணீரென்று சொல்லியிருக்கிறார். டுவா என்றால் இரண்டு. எழுதியவரும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிவிட்டார். மாவட்டம்: டிவிசன் இரண்டு. அப்படி ஒரு மாவட்டம் இந்த நாட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது. தோட்டத்தின் பெயரும் அப்படித்தான். வெள்ளைக்காரன் வைத்த பெயர் அப்பாவின் வாயில் நுழையாது, அதனால் சனங்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொண்ட தமிழ்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் கிடையாது.

நான் பிறந்தபோது அப்பாவோடு கிராணியும் போனார். அதனால் எனக்கு மாவட்டம் சரியாக விழுந்தது, குடிமக்களுக்குத் தருகிற நீல அடையாள அட்டை, அதாவது நீல ஐ.சி. வந்தது, அரசாங்க வேலையும் வந்தது. அண்ணனுக்குப் பிறந்த இடம் உறுதியாகவில்லை என்று சொல்லிச் சிவப்பு ஐ.சி. கொடுத்தார்கள். குடியிருக்கலாம், குடிமகன் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்த மனுஷர் அவர். பால் மரம் சீவினார், அப்புறம் செம்பனைக் குலை வெட்டினார், முதுகு போகிற வரைக்கும் வெட்டினார். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவை ஓட்டுப் போட்டுவிட வேண்டும். அரசியல் ஆர்வம் என்றெல்லாம் பெரிதாக இல்லை. தேர்தலுக்கு மறுநாள் சாப்பாட்டுக் கடையில் அத்தனை பேரும் மை வைத்த விரலோடு தே தாரேக் குடிப்பார்கள். அண்ணன் மட்டும் இடது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்க மாட்டார். சாப்பிட்டு முடித்து எழுந்து போகும்வரை எடுக்க மாட்டார்.

போன வருஷம் மறுபடியும் விண்ணப்பம் போட்டார். குடியுரிமைக் கவுண்டரில் இருந்தவர் கொஞ்சம் நல்ல மாதிரி. அந்த இரண்டாம் டிவிசன் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று மாவட்ட அலுவலகத்தில் ஒரே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள், கோப்பை மேலே அனுப்பிவிடுகிறேன் என்றாராம். அண்ணன் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்த ஒரே ஒரு கடிதம் எப்படிப்பட்டது என்று எனக்கல்லவா தெரியும்.

அதற்கப்புறம் அவர் பட்டது நாய் படாத பாடு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாவட்ட அலுவலகத்தில், பதிவு செய்த போலீஸ் நிலையம் இந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார்கள். இந்தப் பக்கத்தில், லயம் அந்தக் கரையில் அல்லவா இருந்தது என்றார்கள். முக்கிமைப் பார்த்துக்கொள்ளும் பெங்குலுவிடம் போனால், நான் கம்பத்துக்குத்தான் பொறுப்பு, தோட்டம் கம்பெனியுடையது என்று கையை விரித்துவிட்டார். இதில் ஆறு வேறு இடம் மாறிவிட்டது. செம்பனை நட்டபோது தோட்டத்துக்காரர்கள் மண் வாரும் இயந்திரத்தை விட்டு ஆற்றை நேராக வெட்டிவிட்டார்கள். லயத்தை எப்போதோ இடித்தாயிற்று, அது இருந்த மண் இப்போது இந்தக் கரையில் கிடக்கிறது. பழைய வரைபடத்தைப் பார்த்தவர் அந்தப் பக்கம் என்கிறார். திரையில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தவர் இந்தப் பக்கம் என்கிறார். யாரும் எரிந்து விழவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரித்த முகம், இந்தப் பக்கம் மிட்டாய்க் கிண்ணம், எண் சீட்டு, ஏர்கோன் குளிர். அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒரு மிட்டாயோடு திரும்பி வந்து என் பேத்தியிடம் கொடுப்பார். சீ, என்ன பிழைப்பு.

இந்தப் பக்கத்து அலுவலகம்தான் நான் முப்பது வருஷம் இருந்த இடம். நீ ஏன் முதலிலேயே கூடப் போகவில்லை என்று கேட்கலாம். கூச்சம்தான், வேறு என்ன. சிவப்பு ஐ.சி.க்காரரின் தங்கையாக அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்க எனக்கு மனசு வரவில்லை. கூடப் பிறந்தவரை அலையவிட்டுவிட்டு அம்பாங்கானில் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான், நான் வருகிறேன் அண்ணே, நம்ம ஆபீஸ்தானே, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஜம்பமாகக் கிளம்பினேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணை வேலைக்குப் பழக்கியதே நான்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பற்றி முத்தமிட்டாள், பேத்தியை விசாரித்தாள், முட்டி வலி தேவலையா என்று கேட்டாள். பிறகு அண்ணனின் கோப்பை வாங்கி இரண்டு நிமிஷம் புரட்டினாள். மூடி, இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக நீட்டினாள்.

"புக்கான் டாயிரா கித்தா லா, காக்" என்றாள். நம் மாவட்டம் இல்லை, அக்கா.

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. மலாயிலும் நம் தமிழைப் போலத்தான், நாங்கள் வேறு, நாம் வேறு. காமி என்றால் எதிரே நிற்பவரைச் சேர்க்காத நாங்கள். கித்தா என்றால் அவரையும் சேர்த்த நாம். இந்தப் பெண் வேலைக்கு வந்த முதல் வாரம், காமி என்று சொல்லி ஒரு கிழவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். முடியாது என்று சொல்லாதே, அதையே எழுதிக் கொடு என்பார்கள். எங்கள் மாவட்டம் இல்லை என்றும் சொல்லாதே, சண்டைக்கு வருவார்கள். நம் மாவட்டம் இல்லை என்று சொல், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு எவ்வளவு பெருமை. இப்போது அதே குரல், அதே இழுப்பு, தலையை லேசாகச் சாய்ப்பதுகூட என்னுடையது.

அண்ணன் தலையை ஆட்டினார். தெரிமா காசே என்று நன்றி சொல்லிக் கோப்பை வாங்கிக்கொண்டார். நான் பேசியிருக்கலாம், அந்த அலுவலகத்தில் எந்த அலமாரியில் எந்த வரைபடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுடைய சங்கடத்தைப் பார்த்து நானும் பல்லைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

காரில் ஏறியதும் அண்ணன், அந்தப் பெண் பதமாகப் பேசுகிறாள், நீ பழக்கினதா என்று கேட்டார். அவர் மனசில் ஒன்றுமில்லை. பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்றேன்.

"எத்தன பேருகிட்ட சொல்லிருப்ப?"

தெரியாது என்றேன். தினமும் சொல்லியிருக்கிறேன்.

"யாராச்சும் திரும்பி வந்தாங்களா?"

இல்லை என்றேன். என் கவுண்டரில் வரிசையே நிற்காது என்று மேலதிகாரி பாராட்டிக் கடிதம்கூடக் கொடுத்திருந்தார். அதை அவரிடம் சொல்லவில்லை.

சிரம்பான் பஸ் நிலையம் வந்ததும், இங்கேயே இறக்கிவிடு, அந்தப் பக்கத்து ஆபீஸ் ஐந்து மணிவரைக்கும் திறந்திருக்கும், மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நானே கொண்டுபோய் விடுகிறேன், கூடவே நிற்கிறேன் அண்ணே என்று கெஞ்சினேன். அவர் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். இறங்கிய பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம்மா. அந்தப் பொண்ணு கித்தான்னு சொன்னது என்னைய இல்ல, உன்னைய."

கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு பஸ்ஸைத் தேடிப் போனார். ஐ.சி. இன்னும் சிவப்புதான். மாதம் ஒரு முறை போய்க்கொண்டிருக்கிறார் என்று கேள்வி, என்னிடம் சொல்வதில்லை.