பில்டரில் தங்கிப்போன போன் நம்பர்

என் மகள் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். வாரத்தில் இரண்டு நாள் கம்பெனி கேப் வந்து அவளை எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கூட்டிப் போகும். மற்ற நாட்களில் ஜீவனஹள்ளியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், கட்டில்மேல் உட்கார்ந்தே வேலை. அவள் மீட்டிங்கில் இருக்கும்போது நான் குக்கர் வைப்பதில்லை. விசில் அடித்தால் அந்தப் பக்கம் கேட்டுவிடும்.

ஆபீசில் ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தால் முதலில் என்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள்.

"உனக்குப் புரியணும்னு இல்லம்மா. நீ சும்மா உக்காந்துக்கினு இரு. எங்க தடுமாறுறேன்னு எனக்கே தெரிஞ்சிடும்."

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ரேஷன் கடையில்கூட யாராவது கேட்கும்வரை வாய் திறக்காமல் நிற்கிறவள். அதனால் இந்த வேலை எனக்குச் சுலபம். கீரை ஆய்ந்துகொண்டே "ம்" போடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பில்டர் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னாள்; வீடு கட்டுகிற பில்டர் மாதிரிதான் பெயராம். ஏதோ ஒரு கிளினிக்குக்காக, வருகிற நோயாளிகளைப் பதிவு செய்யும் புரோகிராம் அது.

"முன்னாடி பேரு, வயசு, ரத்த குரூப்பு, போன் நம்பருன்னு பன்னெண்டு விவரத்தையும் ஒரே மூச்சுல, வரிசை தப்பாம குடுக்கணும். ஒண்ணு இடம் மாறினா எல்லாம் போச்சு. இப்போ நடுவுல பில்டர்னு ஒண்ணு வச்சிருக்கேன். அதுகிட்ட இது பேரு, இது வயசுன்னு ஒண்ணொண்ணா குடுத்துக்கினே வரலாம். கடைசியா 'கட்டு'ன்னு சொன்னா, முக்கியமானதெல்லாம் இருக்குதான்னு பாத்துட்டு, அந்த ஆளோட பதிவ முழுசா கட்டிக் குடுத்துடும். போன் நம்பர் இல்லன்னா கட்டவே கட்டாது. கட்டினப்பறம் அதுல யாரும் கை வைக்க முடியாது."

"எங்க கார்மெண்ட்ஸ்ல சட்டை தைக்கிற மாதிரி" என்றேன்.

"அப்போ நீயும் பில்டர்தான், போ" என்று சிரித்தாள். அன்று அவள் முகம் நன்றாக இருந்தது.

அவள் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு அந்த நினைப்பே ஓடியது. இருபத்திரண்டு வருஷம் கார்மெண்ட்ஸில் சட்டைக் கையின் நுனியில் கஃப் பட்டி சேர்க்கிற மெஷினில் இருந்தேன். துணி பண்டில் பண்டிலாக வரும். ஒரு பண்டில் முடிந்தால், அடுத்ததை அவிழ்ப்பதற்கு முன்னால் மேஜையை ஒருதரம் கையால் துடைத்துவிட வேண்டும். முந்தின பண்டிலின் கஃப் ஒன்று தங்கிவிட்டால் அது அடுத்த சட்டையில் ஏறிவிடும். கை இருக்கிறது, கஃப் இருக்கிறது, செக்கிங்கில் எல்லாம் சரி என்று போய்விடும். வெளிச்சத்தில் பார்த்தால்தான் ஒரு கஃப் மட்டும் நிறம் ஒரு இழை வெளிறித் தெரியும். அப்படி ஒரு சட்டையைச் சூப்பர்வைசர் என் மேஜையில் வீசி, "ஏனம்மா, நித்தெ மாட்தியா?" என்று கன்னடத்தில் கத்தினார், தூங்குகிறாயா என்று. லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஒரு நோயாளியின் பதிவு முடிந்து அடுத்தவர் வந்தால், அதே பில்டரா, வேறா? அதே என்றால் அதை யார் துடைக்கிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள். படித்தவர்கள், இதெல்லாம் யோசிக்காமலா இருப்பார்கள்? இவள் எழுதியதை ஆபீசில் இன்னும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் விடுவார்களாம். நான் கீரையை அலச எழுந்து போய்விட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் கேபிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பிறகு சொன்னாள்.

அந்தக் கிளினிக்கில் வயதான அம்மா ஒருவர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வந்திருக்கிறார். போனை வீட்டில் வைத்துவிட்டார், நம்பர் மனப்பாடமில்லை. பதிவு செய்த பெண் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். நம்பர் இல்லாவிட்டால் கட்டாது என்றுதானே மகள் அன்று சொன்னாள்? ஆனால் பில்டரில் முந்தின ஆளின் நம்பர் அப்படியே இருந்திருக்கிறது. நம்பர் இருக்கிறதென்று பார்த்து, அது கட்டிக் கொடுத்துவிட்டது. ரத்தத்தில் கோளாறு, உடனே டாக்டரைப் பாருங்கள் என்ற மெசேஜ் அந்த ஆளுக்குப் போயிற்று. அவர் தப்பாக வந்திருக்கிறதென்று அழித்துவிட்டார். இந்த அம்மா, ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்துவிட்டார். கால் வீங்கித் திரும்பி வந்தபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிட்னி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம்.

"ஒரே பில்டரை எல்லாருக்கும் வச்சிட்டேன்மா. ஒவ்வொருத்தருக்கும் புதுசு எடுத்திருக்கணும். ஒரே ஒரு வரி."

மறுநாள் காலையில் மீட்டிங்கில் இதை அவளே விளக்க வேண்டும். வழக்கம்போல என்னை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தாள். "முந்தின பேஷண்டோட..." என்ற இடத்தில் மூன்று தடவை நின்றுவிட்டாள். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அன்னைக்கே எனக்குத் தோணிச்சு, பாப்பா."

"இன்னா தோணிச்சு?"

"ஒருத்தர் முடிஞ்சதும் மேஜையத் துடைப்பீங்களான்னு."

"ஏம்மா கேக்கல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் போயி இன்னாத்தக் கேக்கறது..."

"கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு, அப்பறம் போய்ப் பாத்திருப்பேன்மா."

வேலையை விட்டு எடுக்கவில்லை. சரிபார்த்த இரண்டு பேரும் கவனிக்கவில்லையே, அவளை மட்டும் எப்படிச் சொல்வார்கள்? அந்த ஒரு வரியை ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார்களாம். அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று இவள் ஒருமுறை கேட்டாளாம். அது நமக்குத் தேவையில்லாத விஷயம் என்று மேலே இருக்கிறவர் சொல்லிவிட்டார். எனக்கும் என் நம்பர் மனப்பாடமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் யாராவது நம்பர் கேட்டால் நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பேன். இருந்தால் என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

இப்போதும் மகள் எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் சொல்கிறாள். ஆனால் பழையபடி தனக்குத்தானே பேசுவதுபோல் இல்லை. சொல்லி முடித்ததும் லேப்டாப்பைத் தள்ளிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

"கேளும்மா. எதுவானாலும் கேளு."

நானும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. "ஒண்ணுமில்ல கண்ணு" என்கிறேன். அவள் சரியென்று அனுப்பிவிடுகிறாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்குவதில்லை.